நம் நாடு எது? – கோ. சாரங்கபாணியின் எழுத்துப்பணியும் பிரிந்து நின்ற பற்றும்

பிறந்த மண்ணைவிட்டு வேறொரு மண்ணில் வாழ்ந்து எழுதும் ஒருவர் 'நம் நாடு' என்று எழுதுகின்றார் எனக் கொள்வோம். அத்தொடர் எந்த நாட்டைக் குறிக்கின்றது? அவர் பிறந்த நாட்டையா, அவர் உழைத்து உண்ணும் நாட்டையா? எழுதுபவருக்கு ஒன்றும் படிப்பவருக்கு மற்றொன்றுமாக அது பொருள்படவும் கூடும். இரண்டே சொற்களால் ஆன எளிய தொடர்தான் இது. ஆயினும் புலம்பெயர்ந்த எழுத்தாளர் ஒருவரின் அரசியல் வாழ்வு முழுவதும் இத்தொடரின் பொருளைத் தேடுவதிலேயே கழிந்துவிடலாம்.

இவ்வுரையில் அத்தகைய ஒருவரை, சிங்கப்பூர்த் தமிழர் 'தமிழவேள்' என்று போற்றும் கோ. சாரங்கபாணியை, எடுத்துக்கொள்கின்றோம். அவரைப் பற்றிய பாராட்டுரைகளுக்குக் குறைவில்லை. ஆதலின் பாராட்டை ஒருபுறம் வைத்துவிட்டு, தாயகப் பற்றும் குடியேறிய நாட்டின்மீதான கடப்பாடும் ஒரே மனத்தில் எவ்வாறு குடியிருந்தன என்பதை மொழியியல் நோக்கில் விளக்க முயல்வோம். ஆசிரியர்கள் வகுப்பறையில் எடுத்துச் சொல்வதற்கும் மாணவர்கள் தாமே ஆராய்வதற்கும் இவ்விளக்கம் பயன்படுமாயின் நன்று.

வினாவின் இயல்பு

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தாயகத்தைவிட்டு வெளியே வாழ்ந்தவர் அனைவரும் பிரிந்த பற்றுடையவர் அல்லர். பாரதியார் 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் வாழ்ந்தார். அவர் இருந்த இடம் எல்லைக்கு அப்பால்; அவருடைய பற்று முழுவதும் எல்லைக்கு இப்பால். 1918இல் அவர் திரும்பி வந்தபோது கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். அவரைத் துரத்தியது ஆங்கில அரசு. அவர் மனத்தில் பிளவு ஏதும் இல்லை. இது தஞ்சம் புகுந்தவரின் நிலை.

பிழைப்பு நாடிச் சென்று, சென்ற இடத்தில் வேரூன்றியவரின் நிலை வேறு. அவரை யாரும் துரத்தவில்லை; திரும்பிப் போவதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல வீடும் மனைவி மக்களும் நண்பர்களும் தொழிலும் புதிய மண்ணில் அமைந்துவிடுகின்றன. தாயோ உடன்பிறந்தாரோ பழைய மண்ணில் இருக்கின்றனர். இந்நிலையில் அரசு ஒன்று குறுக்கிட்டு, 'நீ எங்கள் குடிமகனா, அவர்கள் குடிமகனா?' என்று கேட்கும்போதுதான் பற்று இரண்டாகப் பிரிந்து நிற்பது வெளிப்படுகின்றது. சாரங்கபாணி இவ்வகையைச் சேர்ந்தவர். 1903இல் திருவாரூரில் பிறந்த அவர், 1924இல் சிங்கப்பூர் வந்தார். 1974இல் மறையும்வரை அவருடைய வாழ்வின் அரை நூற்றாண்டு இங்கேயே அமைந்தது. அவ்வரை நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் மேற்கூறிய வினா தமிழர் ஒவ்வொருவரிடமும் எழுத்து வடிவில், விண்ணப்பப் படிவமாக, வந்து சேர்ந்தது.

'நாம்' என்பதும் 'நாங்கள்' என்பதும்

பற்று என்பது மனத்தில் இருப்பது. அதனை அளக்கக் கருவி இல்லை. ஆனால் அது மொழியில் தடயங்களை விட்டுச் செல்கின்றது. தமிழில் அத்தடயங்களுள் தலையாயது தன்மைப் பன்மை இடப்பெயர்.

கேட்பவரையும் உள்ளடக்குவது 'நாம்'. அவரை விலக்கி நிற்பது 'நாங்கள்'. பழந்தமிழில் இவ்விடத்தில் 'நாம்', 'யாம்' என்னும் இணை இருந்தது. பிற்காலத்தில் 'யாம்' வழக்குக் குறைய, 'நாம்' என்பதனோடு 'கள்' சேர்ந்து உருவான 'நாங்கள்' விலக்குப் பொருளை ஏற்றுக்கொண்டது. வினைமுற்று விகுதிகளிலும் இவ்வேறுபாட்டை நம் இலக்கண நூலார் கண்டனர். 'அம்', 'ஆம்' விகுதிகள் முன்னிலையாரை உளப்படுத்தும் என்றும், 'எம்', 'ஏம்', 'ஓம்' விகுதிகள் படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும் நன்னூல் பிரித்துக் கூறும். இன்றைய தமிழில் வினைமுற்று இப்பிரிவை இழந்து 'ஓம்' ஒன்றையே கொண்டுள்ளது. இடப்பெயரோ இன்னும் இழக்கவில்லை. தெலுங்கும் மலையாளமும் இப்பாகுபாட்டைக் காத்துவர, இன்றைய கன்னடம் அதனைக் கைவிட்டது.

இவ்வட்டாரத்திற்கு உரிய ஒரு செய்தியையும் இங்கே சேர்த்துக் காண்போம். மலாய் மொழியில் 'கித்தா' என்பது கேட்பவரை உள்ளடக்கும். 'காமி' என்பது விலக்கும். சீனக் கிளைமொழிகளுள் ஹொக்கியெனிலும் இப்பாகுபாடு உண்டு. ஆகவே பழைய சிங்கப்பூரின் சந்தையிலும் துறைமுகத்திலும் கூடிய தமிழர், மலாய்க்காரர், ஹொக்கியென் சீனர் ஆகிய மூவருமே 'யாரைச் சேர்த்து, யாரை விலக்கிப் பேசுகின்றோம்' என்பதைத் தத்தம் மொழியில் ஒவ்வொரு வாக்கியத்திலும் தீர்மானித்தாக வேண்டும். ஆங்கிலத்திற்கு அக்கட்டாயம் இல்லை. குடியுரிமைச் சட்டங்கள் எழுதப்பட்ட மொழியோ ஆங்கிலம்.

இதனால் நமக்குக் கிடைப்பது ஓர் ஆய்வுக் கருவி. புலம்பெயர்ந்தோர் எழுத்தில் 'அந்நாடு', 'இந்நாடு', 'நாம் வாழும் நாடு', 'நம் நாடு' என்னும் தொடர்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். 'இந்நாடு' அண்மைச் சுட்டு மட்டுமே. அதில் உரிமை இல்லை. விருந்தினரும் தாம் தங்கியிருக்கும் வீட்டை 'இவ்வீடு' என்பர். 'நாம் வாழும் நாடு' என்பதில் இருப்பு உண்டு. உரிமை இன்னும் உறுதிப்படவில்லை. 'நம் நாடு' என்பதில் உரிமையும் உண்டு, கேட்பவரும் அவ்வுரிமையில் பங்காளர் என்னும் ஏற்பும் உண்டு. ஒரு சமூகம் முதல் தொடரிலிருந்து கடைசித் தொடருக்கு வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பதே அதன் குடியேற்ற வரலாறு எனலாம்.

மூன்று பெயர்கள், மூன்று வட்டங்கள்

சாரங்கபாணியின் பணிகளை, அவர் தொடங்கிய அல்லது முன்னின்று நடத்திய அமைப்புகளின், இதழ்களின் பெயர்களைக் கொண்டே ஆராயலாம். பெயர் வைப்பவர் தாம் யாரோடு சேர்ந்து நிற்கின்றார் என்பதைப் பெயரிலேயே அறிவித்துவிடுகின்றார்.

முதலாவது வட்டம் தமிழ். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். அவ்வருகையை ஒட்டி இங்குச் சீர்திருத்த எண்ணம் வலுப்பெற்றது. 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 'முன்னேற்றம்' இதழில் எழுத்துப்பணி ஆற்றிய சாரங்கபாணி, 1935 சூலை 6ஆம் நாள் 'தமிழ் முரசு' வெளிவரக் காரணமானார். வார இதழாகத் தொடங்கிய அது பின்னர் நாளிதழாக வளர்ந்தது. 1952இல் 'தமிழர் திருநாள்' என்னும் விழாவை முன்னெடுத்தார். பொங்கலை ஒட்டிய அவ்விழாவைச் சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கொண்டாட வேண்டும் என்பது அவர் நோக்கம். சங்கம், இதழ், விழா ஆகிய மூன்றின் பெயரிலும் 'தமிழ்' நிற்பதைக் காண்க.

இரண்டாவது வட்டம் இந்தியா. 1946இல் அவர் ஆங்கில நாளேடு ஒன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'இந்தியன் டெய்லி மெயில்'. அக்காலச் சூழலை எண்ணிப் பார்த்தால் இப்பெயரின் காரணம் விளங்கும். 1943 சூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் இங்கேயே தற்காலிக இந்திய அரசை அறிவித்தார். மலாயாத் தோட்டங்களில் பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் காணாத இளைஞரும் இளம்பெண்களும் அப்படையில் சேர்ந்தனர். போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், நேரு இங்கு வந்தார். இந்திய விடுதலை கண்ணுக்கெட்டிய தொலைவில் நின்ற அந்நாளில், இந்தியர் என்னும் பெயர் இங்குள்ளோர்க்குப் பெருமிதமும் பாதுகாப்பும் தந்தது.

மூன்றாவது வட்டம் மலாயாவும் சிங்கப்பூரும். இதற்கு அவர் தனியொரு பெயர்ப்பலகை வைக்கவில்லை. ஆனால் 1950களில் அவர் செய்த பெரும்பணி இவ்வட்டத்தைச் சேர்ந்தது. தமிழர்கள் இந்நாட்டுக் குடியுரிமையைப் பெற வேண்டும் என்று தம் இதழ்வழி இடைவிடாது வற்புறுத்தினார். அவருடைய இல்லமும் இவ்வட்டத்திலேயே அமைந்தது: அவர் மணந்தது சீனப் பெரானாக்கான் குடும்பத்துப் பெண்ணை.

இம்மூன்று வட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்குவன அல்ல. ஒன்றையொன்று வெட்டிச் செல்வன. தமிழ் வட்டத்தில் தமிழ் முஸ்லிம்களும் தமிழ்க் கிறித்தவர்களும் உண்டு, பஞ்சாபியர் இல்லை. இந்திய வட்டத்தில் பஞ்சாபியர் உண்டு. யாழ்ப்பாணத் தமிழர் இல்லை. சிங்கப்பூர் வட்டத்தில் சீனரும் மலாய்க்காரரும் உண்டு. திருவாரூரில் இருக்கும் உறவினர் இல்லை. 'நாம்' என்று எழுத அவர் எழுதுகோலை எடுத்தபோதெல்லாம் இவற்றுள் எவ்வட்டத்தை வரைவது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

குடியும் உரிமையும்

1950களில் இத்தேர்வு கட்டாயமாயிற்று. 1950இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் உறுப்பு, தாமே விரும்பி வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமக்கள் ஆகார் என்றது. வெளிநாட்டு இந்தியர் தாம் வாழும் நாட்டைத் தம் நாடாக ஏற்க வேண்டும், அன்றேல் அயல்நாட்டார் என்னும் நிலையில் இருக்க வேண்டும் என்பதே நேருவின் நிலைப்பாடாகவும் இருந்தது. 1957இல் மலாயா விடுதலை பெற்றது. அதே ஆண்டில் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 14.5 இலட்சம், நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேர் இந்தியர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவருள்ளும் பலர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆடவர்.

அக்காலத்தில் குடியுரிமையைப் 'பிரஜா உரிமை' என்றே பெரிதும் வழங்கினர். 'பிரஜை' என்னும் சொல்லுக்கு ஆளப்படுவோர் என்னும் பொருள் முந்துகின்றது. மன்னன் ஒருவன் இருக்க, அவன் கீழ் இருப்போர் பிரஜைகள். 'குடியுரிமை' என்னும் சொல் வேறு வகையானது. 'குடி' என்பது குடும்பத்தையும் குலத்தையும் குடியிருப்பையும் ஒருங்கே உணர்த்தும் பழஞ்சொல். 'குடியேற்றம்', 'குடிபுகுதல்', 'குடித்தனம்', நம் வட்டார ஆட்சித்தமிழில் வழங்கும் 'குடிநுழைவு' ஆகிய அனைத்திலும் அச்சொல்லே நிற்கின்றது. வந்து நுழைதலும் வாழ்ந்து நிலைத்தலும் உரிமை பெறுதலும் தமிழில் ஒரே வேரில் கிளைப்பவை. ஓரிடத்தில் குடித்தனம் நடத்துபவர்க்கு அவ்விடத்தில் உரிமை உண்டு என்னும் கருத்து இச்சொற்குடும்பத்திலேயே பொதிந்துள்ளது.

ஆனால் சொல்லில் உள்ள தெளிவு வாழ்க்கையில் இருப்பதில்லை. எம் தந்தையார் துறைமுகத்தில் வேலை செய்தவர். 1957இன் சட்டத்திற்குப் பின், உடன் பணிபுரிந்தோர் பலர் பெயரைப் பதிந்துகொண்டபோதும் அவர் தயங்கினார். முடிதிருத்தகத்தில் ஒருவர் முரசை உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் அப்போது இருந்ததாம். அங்கே நடந்த வாதங்களைக் கேட்டுக் கேட்டுத் தாமும் ஒருநாள் போய்க் கையெழுத்திட்டார். அச்செய்தியை ஊருக்கு எழுதும் துணிவு அவருக்கு நெடுநாள் வரவில்லை. மாதந்தோறும் பணம் மட்டும் அனுப்பினார். யார் வழியாகவோ செய்தி அறிந்த எம் பாட்டியார் எழுதச் செய்த கடிதத்தில் நாடு, அரசு, பற்று என்று ஒரு சொல்லும் இல்லை. 'கையெழுத்துப் போட்டவர்களையும் ரஜூலா கப்பலில் ஏற்றிக்கொள்வார்களா?' என்று மட்டும் கேட்டிருந்தார். தம் இறுதிக்காலத்தில் மகன் வர முடியுமா என்பதே அவ்வினாவின் பொருள்.

பிரிந்த பற்று என்று நாம் நூல்களில் எழுதுவது பலருக்கு இவ்வடிவில்தான் வந்தது. எனவே குடியுரிமை பெறுக என்று எழுதிய இதழாசிரியர் சட்ட விளக்கம் தந்தால் மட்டும் போதாது. கையெழுத்திடுவதால் தாய் அயலாள் ஆகிவிடமாட்டாள் என்னும் உறுதியையும் தர வேண்டியிருந்தது.

தாய்நாடும் தாய்மொழியும்

இவ்விடத்தில் தமிழர் வழக்கமாகக் கையாளும் உவமை ஒன்று உண்டு: பிறந்தகமும் புகுந்தகமும். மணமான பெண் புகுந்த வீட்டின் குடும்பப் பொறுப்பை ஏற்கின்றாள். அதனால் பிறந்த வீட்டின்மீது அன்பு குறைவதில்லை. இந்த உவமை முதல் தலைமுறையினர்க்குப் பெரிதும் ஆறுதல் தந்தது. அன்பு வேறு, கடமை வேறு என்று பிரித்துக் காட்டியதே அதன் வலிமை.

எனினும் அதன் எல்லையையும் ஆசிரியர்கள் மாணவர்க்குச் சுட்ட வேண்டும். புகுந்தகம் என்னும் சொல், புகுந்தவள் வெளியிலிருந்து வந்தவள் என்பதை வாழ்நாள் முழுவதும் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். இங்கேயே பிறந்த மகளுக்கும் பேரனுக்கும் இது புகுந்தகம் அன்று; பிறந்தகமே இதுதான். தாத்தாவுக்குப் பொருந்திய உவமையைப் பேரனுக்கும் சூட்டினால், அவன் பிறந்த வீட்டிலேயே அவனை விருந்தினன் ஆக்கிவிடுகின்றோம்.

சாரங்கபாணியின் செயல்களை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, அவர் இவ்வுவமையைத் தாண்டிச் சென்றவராகத் தெரிகின்றார். 'தாய்நாடு', 'தாய்மொழி' என்னும் இரு சொற்களிலும் தாய் நிற்கின்றாள். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை, ஒன்றை விட்டால் மற்றதும் போய்விடும் என்று பலர் அஞ்சினர். அவரோ அப்பிணைப்பை அவிழ்த்தார். அரசியல் கடப்பாடு வாழும் நாட்டிற்கு உரியது. தாய்மொழியோ மக்களோடு கூடவே வருவது. எந்நாட்டில் அம்மக்கள் குடிகளாக இருக்கின்றனரோ அந்நாட்டின் மொழியாக அது ஆகலாம். இம்மூன்று கருத்தும் அவருடைய பணிகளின் அடித்தளமாக இருப்பதைக் காண்கின்றோம்.

இதற்குச் சிறந்த சான்று பல்கலைக்கழகப் போராட்டம். அந்நாளில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கும் முயற்சி எழுந்தபோது, அதில் சமற்கிருதத்திற்கு முதன்மை தருவதா, தமிழுக்கு முதன்மை தருவதா என்னும் வினா பிறந்தது. இங்கு வாழும் இந்தியருள் மிகப் பெரும்பான்மையோர் பேசும் மொழி தமிழ். ஆதலின் தமிழே முதன்மை பெற வேண்டும் என்று சாரங்கபாணி வாதாடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. உழைப்பாளர் உள்ளிட்ட எளிய மக்களும் அதற்குப் பணம் தந்தனர். 1956இல் துறை தொடங்கியது. தமிழ் அதில் இடம்பெற்றது. பின்னர் கோலாலம்பூருக்கு மாறிய அத்துறைக்கு 1961இல் தனிநாயகம் அடிகளார் தலைவரானார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு அந்நகரிலேயே கூடியது.

அவ்வாதத்தின் அடிப்படையைக் கவனியுங்கள். தமிழ் தொன்மையானது, இனிமையானது என்பதன்மேல் அது நிற்கவில்லை. இந்நாட்டில் வாழும் மக்களின் மொழி என்பதன்மேல் நின்றது. தாயகப் பற்றிலிருந்து பிறந்த கோரிக்கை, வாழும் நாட்டின் உரிமை மொழியில் எழுதப்பட்டது.

நிதியின் பெயரில் 'நம்' என்னாமல் 'எங்கள்' என்றிருப்பதும் எண்ணத்தக்கது. உணர்ச்சி மிகுந்த முழக்கங்களில் 'எங்கள்' வருவது தமிழ் மரபு; எனவே இதனை மிகைப்படுத்திப் பொருள் கொள்ளலாகாது. ஆயினும் அத்தொடர் ஒரே வேளையில் இரு திசை நோக்கிப் பேசுவதை மறுப்பதற்கில்லை. தமிழரிடம் பணம் கேட்கும்போது அது உறவின் குரல். பல்கலைக்கழகத்தாரிடமும் அரசினரிடமும் பேசும்போது, 'நீங்கள் அறியாத ஒன்று எங்களுக்கு உயிர்' என்னும் விலக்குப் பன்மையின் குரல். குடியுரிமைக் காலத்தின் தமிழ் இவ்விரு குரலுக்கும் இடையில்தான் இயங்கியது.

குடியுரிமைக்கும் மொழிக்கும் உள்ள தொடர்பு இப்போது தெளிவாகும். குடிகள் அல்லாதோரின் மொழி எத்துணைச் சிறப்புடையதாயினும் அது விருந்தினர் மொழியே. அதற்குப் பள்ளியும் பாடநூலும் வேண்டும் என்று கேட்கும்போது அது வேண்டுகோள். குடிமக்கள் கேட்கும்போது அது உரிமை. 1956இல் சிங்கப்பூர்ச் சட்டமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு, நான்கு மொழிக் கல்விக்கும் சமநிலை வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் தனிநாடான பின்னும், தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக நிலைபெற்றது. இதற்குக் காரணர் ஒருவர் மட்டுமே எனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அரசியல் தலைவர்களின் கொள்கையும் பல சமூகங்களின் இணக்கமும் அதற்குக் காரணங்கள். ஆனால் அவ்வுரிமையை ஏற்று நுகரக் குடிமக்களாகிய தமிழர் இங்கு இருந்தாக வேண்டும் அல்லவா? அவர்களை ஆயத்தப்படுத்தியதில் அவ்விதழுக்குப் பெரும்பங்கு உண்டு.

தீராத முரண்கள்

இதனால் அவருடைய உள்ளத்தில் பிளவே இல்லை என்றோ, எல்லாம் இனிது முடிந்தது என்றோ கூறுதல் பொருந்தாது. மூன்று முரண்களையேனும் நாம் நேர்மையாகக் குறிக்க வேண்டும்.

ஒன்று: 'தமிழர்' என்னும் பெயரில் விழாவும் பேரவையும் அமைத்தபோது, அது இந்தியர் என்னும் ஒற்றுமையைக் குலைக்காதா என்னும் வினா எழுந்தே தீரும். தமிழ் இதழ் ஒருபுறமும் 'இந்தியன்' என்னும் பெயர் தாங்கிய ஆங்கில இதழ் மறுபுறமும் நடத்திய ஒருவர், இவ்விரு பெயர்களுக்கும் இடையே இருந்த இழுவிசையை அறியாதிருந்திருக்க இயலாது.

இரண்டு: சீர்திருத்த எண்ணம் தமிழகத்திலிருந்து வந்தது. சாதி ஒழிப்பும் பெண்கல்வியும் பகுத்தறிவும் அங்கிருந்து எழுந்த அலைகள். வாழும் நாட்டின்மீது அரசியல் கடப்பாடு கொண்டவரும் சிந்தனைக்குத் தாயகத்தையே நோக்கியிருந்தார். எண்ணத்தின் ஊற்று ஓரிடத்திலும் கடமையின் களம் மற்றோரிடத்திலுமாக அமைந்த நிலை இது. இதனைக் குறை என்பதா, வளம் என்பதா? மாணவர்கள் வாதிட்டுத் தெளியத்தக்க வினா இது.

மூன்று: கையெழுத்திடாதோர் நிலை. தயங்கியோரும் தவறவிட்டோரும் ஊருக்கே திரும்பியோரும் பலர். 'நாம்' என்னும் வட்டத்தைத் தெளிவாக வரையும்போது சிலர் அதற்கு வெளியே நின்றுவிடுகின்றனர். அவர்கள் பற்றில்லாதவர் அல்லர். அவர்களுடைய தாய் முதலில் கேட்டுவிட்டாள், அவ்வளவே.

இம்முரண்கள் தீர்க்கப்படவில்லை, சுமக்கப்பட்டன. பிரிந்த பற்றினை வஞ்சகம் என்று பழிப்பதும், பிளவே இல்லை என்று மறைப்பதும் ஒருங்கே தவறு. இரண்டு இடத்திலும் கடன்பட்டவர், எதை எங்குச் செலுத்த வேண்டும் என்று அறிந்து செலுத்தினாரா என்பதே கேட்கத்தக்க வினா. அவ்வாறு கேட்டால் சாரங்கபாணியின் வாழ்வு தெளிவான விடை தருகின்றது. வரியும் வாக்கும் அரசியல் கடப்பாடும் வாழும் நாட்டிற்கு. மொழியும் சிந்தனை உறவும் தமிழுலகிற்கு.

நிறைவாக

சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழி 1966இல் பள்ளிகளுக்கு வந்தது. அதன் தமிழ் வடிவம் 'நாம்' என்று பேசுகின்றது. 'நாங்கள்' என்று அன்று. அதன் மலாய் வடிவமோ 'காமி' என்னும் விலக்குப் பன்மையைக் கொண்டுள்ளது. இரண்டும் பிழையற்றவை. மேலான ஒன்றின்முன் நின்று சூளுரைக்கும் வழக்கில் மலாய் மொழி 'காமி' என்கின்றது. ஒருவர்க்கொருவர் உறுதி கூறும் முறையில் தமிழ் 'நாம்' என்கின்றது எனலாம். தமிழ் மாணவர் ஒருவர் பள்ளித் திடலில் நின்று அவ்வுறுதிமொழியைத் தமிழில் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் சீன மாணவரையும் மலாய் மாணவரையும் இலக்கண முறையிலேயே தம்மோடு சேர்த்துக்கொள்கின்றார். 1924இல் கப்பலிலிருந்து இறங்கிய இளைஞருக்கு இந்த 'நாம்' ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. அவர் தலைமுறையினர் அதனை உருவாக்க வேண்டியிருந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்வழி நாளிதழ்த் தொகுப்பில் உள்ளன. மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, வெவ்வேறு பத்தாண்டுகளின் தலையங்கங்களை எடுக்கச் செய்யுங்கள். 'நாம்', 'நாங்கள்', 'இந்நாடு', 'நம் நாடு', 'தாய்நாடு', 'தாயகம்' ஆகிய சொற்கள் எவற்றைச் சுட்டுகின்றன என்று அட்டவணைப்படுத்தச் சொல்லுங்கள். 'தாய்நாடு' எந்த ஆண்டில் எந்த நாடு என்பதை அவர்களே கண்டுகொள்வர். இலக்கணப் பாடமும் வரலாற்றுப் பாடமும் அங்கே ஒன்றாகிவிடும்.

மாணவர்களுக்கும் ஒன்று கூறுவோம். உங்கள் வீட்டில் முதியோர் இருப்பின், அவர்கள் 'ஊர்' என்று சொல்லும்போது எதனைக் குறிக்கின்றனர் என்று கேட்டு எழுதி வையுங்கள். இவ்வட்டாரத் தமிழில் 'ஊருக்குப் போகிறேன்' என்பது நெடுங்காலம் தமிழகப் பயணத்தையே குறித்தது. எம் தந்தையார் குடியுரிமை பெற்ற பின்னும் தம் வாழ்நாள் இறுதிவரை அச்சொல்லை அப்பொருளிலேயே வழங்கினார். ஆனால் ஒருமுறை தாயைக் காணச் சென்றவர், அங்கிருந்து எழுதிய கடிதத்தை, 'அடுத்த மாதம் வீட்டுக்கு வந்துவிடுவேன்' என்று முடித்திருந்தார். 'ஊர்' அங்கே இருந்தது; 'வீடு' இங்கே இருந்தது. அக்கடிதத்தை எழுதும்போது அவர் எதனையும் துறந்ததாக உணர்ந்திருக்கமாட்டார்.